இருபத்தொரு நாள் கணக்கும் எங்கள் வீட்டுப் பூனையும்

எனக்கு மாட்டைப் பற்றித் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தத் தெம்புதான் காரணம். எங்கள் வீட்டுத் தொழுவத்தில் எப்போதும் நாலைந்து உருப்படி கட்டிக் கிடக்கும். அதில் ஒரு பசு கொஞ்சம் குரலை மாற்றிக் கத்தினால் போதும், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, "இது பசிக்குக் கத்தல, காளைக்குக் கத்துது" என்று சொல்லிவிடுவேன். ஒரு நாளில் அடங்கிவிடும். அன்றைக்கு விட்டுவிட்டால் இருபத்தொரு நாள் கழித்துத்தான் மறுபடி கத்தும். எங்கள் பக்கத்தில் கல்யாண நாளை மறந்தவன் உண்டு, இந்த இருபத்தொரு நாளை மறந்தவன் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான், எழுபதுகளின் கடைசியில், போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் குடோனில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, பருவத்துக்கு வந்து கத்திய ஒரு பூனைக்கு மூன்று நாள் ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

பூனை மலையிலிருந்து வந்தது. சித்திரை மாதத்தில், போடிமெட்டுக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டுக்குக் காய் நிலவரம் பார்த்து வர முதலாளி என்னை அனுப்பியிருந்தார். திரும்பும்போது அங்கிருந்த மலையாளத்து மேஸ்திரி சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒரு குட்டியை மஞ்சள் பைக்குள் போட்டு என் மடியில் வைத்தார்.

"கொண்டு போ சாரே. இதோட அம்மை இருக்கிற எடத்துல எலி நிக்காது. இதும் அதே சாதி தன்னே."

குடோனில் எலித் தொல்லை இருந்தது. வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து இறங்கும் ஆட்களோடு நசுங்கிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்து வந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் வாந்தி எடுத்தார். அது பூனை இல்லை.

குடோனுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீட்டை முதலாளி எனக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் உச்சியில் காற்றுக்காக ஒரு திறப்பு. வேண்டாதபோது பலகை போட்டு மூடிக்கொள்ளலாம். பகலில் வீடு, ராத்திரியில் குடோன் என்று பூனை அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தது. சோலியில் என்னைவிட நேரம் தவறாதது.

அந்தத் திறப்பினால் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஏலக்காய்க்கு மணம் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் எது மணத்தாலும் அதையும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும் என்பது அதோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் முதலாளியின் குடோனுக்குள் மண்ணெண்ணெய் கூடாது, ஊதுபத்தி கூடாது, வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்தவன் கூடாது. காயைத் தரம் பிரித்துப் பொறுக்க வருகிற பெண்கள் தலையில் இருக்கும் மல்லிகையைக்கூட வாசலில் அடித்திருந்த ஆணிகளில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சாயங்காலம் போகும்போது, "என் சரத்தக் கொண்டா, அது ஒன்னுது" என்று ஒரு சண்டை நடக்கும். பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு விதி இன்னும் கடுமை: சரக்கு வெளியேறும் வரை கருவாடு சமைக்கக் கூடாது.

என் மனைவி பொட்டிபுரத்துக்காரி. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு வாரத்தைக் கடத்தாத வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் இந்தச் சட்டத்தை அவளிடம் சொன்னேன்.

"நீங்க என்னையக் கட்டிக்கிட்டீகளா, ஏலக்காயக் கட்டிக்கிட்டீகளா?" என்றாள்.

கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். பதில் எது சொன்னாலும் தப்பு.

உண்மையில் அந்த வீடு அவளுக்குச் சிறைதான். இரண்டு பக்கமும் குடோன்கள். பேச அக்கம்பக்கம் கிடையாது. நான் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் போனால் விளக்கு வைத்தபிறகுதான் இந்தப் பக்கம் வருவேன். வந்தாலும் மூட்டைக் கணக்கைத்தான் வாய் முணுமுணுக்கும். பூனை வந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அதை "ஆத்தா" என்று கூப்பிடுவாள். "ஏ ஆத்தா, இன்னைக்குக் கத்தரிக்கா வதக்கவா, புளி ஊத்தவா?" என்று கேட்பதும், அது ஏதோ சொல்வதும், இவள் "சரி, வதக்குறேன்" என்பதும் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். என்னிடம் அப்படி யோசனை கேட்டதே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை பூனை சாப்பிடவில்லை. கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. என் காலில் தேய்த்தது. தண்ணீர்க் குடத்தில் தேய்த்தது. பிறகு தரையில் விழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. எழுந்து, முன்னங்கால்களைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒரு ஓரமாகத் தள்ளி, பின்னங்கால்களால் நின்ற இடத்திலேயே மிதித்தது. அதற்குப் பிறகு ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், பூனைக்குள்ளிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கைப்பிள்ளை ஒன்று தொண்டை கட்டிக்கொண்டு அழுவது போல ஆரம்பித்து, கீழ்ஸ்தாயியில் இறங்கி, விடாமல் நீண்டது.

"வயித்து வலி" என்று தீர்ப்புச் சொன்னேன். ஓமத்தைக் காய்ச்சி, ஆறவைத்து, வாயைப் பிளந்து ஊற்றினேன். பாதி என் சட்டையில். வலிக்கிற வயிற்றைத் தடவினால் இதமாக இருக்கும் என்று முதுகை நீவிவிட்டேன். வாலடியில் கை பட்டதும் இன்னும் பலமாகக் கத்தியது. "பாத்தியா, இங்கதான் வலி" என்றேன். மூன்று நாள் இந்த வைத்தியம் நடந்தது. என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் ஓமத்தை எடுத்தபோதுதான் கேட்டாள்.

"உங்க வீட்ல மாடு வளத்ததாச் சொன்னீகளே, நெசந்தானா?"

"ஏன்?"

"ஒரு பொட்டச் சீவன் வாலத் தள்ளிக்கிட்டுக் கத்துனா எதுக்குக் கத்தும்னு தெரியாமயா வளத்தீக?"

ஓமக் குவளையைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் என் தொழுவத்துப் பெருமையை இவளிடம் எத்தனை தடவை அளந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தேன். நிறைய.

"மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"வைத்தியர் எத்தன நாள் பாக்குறாருன்னு பாத்தேன்" என்றாள்.

குட்டி போடட்டுமே என்று விட்டிருக்கலாம். ஆனால் அது மூட்டைகள் வந்து இறங்குகிற காலம். பூனைக்குக் குட்டி என்றால் முதலில் கடுவன் பூனைகள் வரும். கடுவன் வந்த இடத்தில் சும்மா போகாது, சுவரில் மூட்டையில் வாலைத் தூக்கிப் பீச்சிவிட்டுத்தான் போகும். அந்த வாடை ஏலக்காயில் ஏறினால் காயும் போச்சு, என் வேலையும் போச்சு. அதனால் திறப்புக்குப் பலகை போட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்து வைத்தேன். மொத்தம் ஏழு நாள் கத்தியது. எட்டாம் நாள் ஒன்றுமே நடக்காதது போலத் தட்டைக் காலி செய்துவிட்டு, காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் என் மாட்டு மூளை வேலை செய்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் இருபத்தொரு தாளை எண்ணி, கடைசித் தாளில் சிவப்புப் பென்சிலால் "பூனை" என்று எழுதினேன். முதலாளியிடமும் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "இனி மூணு வாரத்துக்குக் கவல இல்ல மொதலாளி. அதுக்குள்ள வாங்குறவுகளுக்கு மாதிரி எடுத்து அனுப்பிரலாம்." குடோனுக்குக் காற்று வேண்டும், எலிக்குப் பூனை வேண்டும் என்று பலகையையும் எடுத்துவிட்டேன்.

அது அடங்கிய ஒன்பதாம் நாள் காலையில் பூனை குடத்தில் கன்னத்தைத் தேய்த்தது.

நான் காலண்டரைப் பார்த்தேன். பூனையைப் பார்த்தேன். "தப்பாக் கத்துது" என்றேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் பலகையைத் தேடி எடுத்துவருவதற்குள் ஊரில் இரண்டு பேருக்குச் செய்தி போய்விட்டது. ஒன்று அரிசி மில்லில் இருந்த கறுப்புக் கடுவன். மற்றொன்று ஒரு காது அறுந்த வெள்ளை. இரண்டும் குடோன் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கி, இரண்டு மூட்டைகளின் மேல் ஒன்று மாற்றி ஒன்று முத்திரை போட்டிருந்தன. நல்லவேளையாகப் பூனை அப்போது வீட்டுப் பக்கம் இருந்தது. அதை அள்ளி அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் மனைவி.

முதலாளியிடம் மறைக்க முடியாது. அவருடைய மூக்கு அப்படி. ஒரு கைப்பிடி காயை எடுத்து, உள்ளங்கைக்குள் மூடி, அதன் மேல் வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். எந்த மலைச்சரிவு, எத்தனை நாள் உலர்த்தல், உலர்த்துகிற ஸ்டோரில் புகை பட்டதா என்றெல்லாம் சொல்லுவார். அன்றைக்கு ஊதக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, "கணக்கப்பிள்ள, குடோன்ல பூனையா வளக்குற, புலியா வளக்குற?" என்றார்.

இருபத்தொரு நாள் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அடுத்த வெள்ளிக்கிழம மாதிரி எடுக்க வர்றேன். அன்னைக்குக் காயில இந்த வாடை ஒரு துளி இருந்தாலும் பூனை சாயங்கால ஜீப்புல மேல போயிரணும். மெட்டு தாண்டி விட்டுட்டு வரச் சொல்லு. கிட்ட விட்டா திரும்பி வந்துரும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தரையில் உட்கார்ந்து கேட்டாள். பூனை அவள் மடியில் உருண்டு கத்திக்கொண்டிருந்தது.

"அந்த ஜீப்புல எனக்கும் ஒரு எடம் பிடிச்சிருங்க" என்றாள்.

"அது பொட்டிபுரம் வழியாப் போகாதே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, போனால் போகப்போவது பூனை மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அந்தப் பேச்சும், வதக்கவா ஊத்தவா என்கிற கேள்வியும், அவள் முகத்தின் தெளிவும் எல்லாம் சேர்ந்து மெட்டைத் தாண்டிப் போய்விடும்.

மறுநாள் பூனையை மூங்கில் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பசுக்களும் எருமைகளும் வரிசையில் நின்றன. நடுவில் கூடையோடு நான். கூடை கத்தியது.

"என்னப்பு, கன்னுக்குட்டிய மடிச்சா கொண்டாந்திருக்க?" என்றார் எருமை பிடித்திருந்த ஒரு பெரியவர்.

"பூனைண்ணே."

"பூனைக்கு ஆஸ்பத்திரியா! பிள்ளைக்குக் காச்சல்னா கொண்டு போவியா நீ?"

"இன்னும் பிள்ளை இல்லண்ணே."

"அதான்" என்றார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு எருமைகூடத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் வயதில் சின்னவர். கூடைத் துணியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எத்தனாவது தடவை?" என்றார். நான் இருபத்தொரு நாள், காலண்டர், சிவப்புப் பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அது பசுவுக்குங்க. பூனை அந்தக் கணக்கெல்லாம் பார்க்காது. கடுவன் சேர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் கத்தும், ஒரு வாரமோ ரெண்டு வாரமோ அடங்கும், மறுபடி கத்தும். வெளிச்சம் நிறைய இருந்தா இன்னும் ஜாஸ்தி. உங்க குடோன்ல பல்பு எவ்வளவு நேரம் எரியும்?"

விடியுமுன் போட்டால் படுக்கப்போகும்போதுதான் அணைப்போம், பொறுக்குகிற காலம் அல்லவா என்றேன்.

"மழைக்காலத்துல கொஞ்சம் சும்மா இருக்கப்போற பூனைக்கு நீங்களே கோடைகாலம் காட்டியிருக்கீங்க" என்றார்.

ஆக, ஓமத் தண்ணீர் வைத்தியரும் நான், நோயை மூட்டினவனும் நான். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் கொஞ்சம் குறுகித்தான் உட்கார்ந்தேன்.

மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டேன். சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கொடுக்கிற மாத்திரையைச் சிலர் உடைத்துப் போடுகிறார்கள், அதைச் செய்யவே கூடாது, கர்ப்பப்பை சீழ் பிடித்துவிடும் என்றார். ஆபரேஷன்தான் வழி. ஆனால் இப்போது வேண்டாம், கத்துகிற நாளில் ரத்தம் கூடுதலாகப் போகும், அடங்கட்டும். அதற்கான சின்னக் கத்தி ஊசிகளையும் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். "படிக்கும்போது ஒரு பூனைக்குப் பண்ணியிருக்கேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்" என்று திருத்திக்கொண்டார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தத் திருத்தத்தினால்தான்.

அதுவரைக்கும்? அடைத்து வை, வெளிச்சத்தைக் குறை, திட்டாதே, அடிக்காதே, விளையாட்டுக் காட்டு, கடுவன் நின்ற இடத்தை மணம் போகக் கழுவு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது.

முதல் சோலி, வாடை. நான் ஒரு பாட்டில் பினாயிலோடு குடோனுக்குள் நுழைந்தேன். காய் பொறுக்குகிறவர்களில் மூத்தவள் என் மனைவியின் ஊர்க்காரி, அந்த உரிமையில் என்னை மாப்ளே என்று கூப்பிடுகிறவள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ளே, பூனை வாடையப் போக்கிட்டு பினாயில் வாடையிலயா காய் விக்கப் போற? அத வெளிய வச்சிட்டு வா."

"அப்ப சாம்பிராணி போடவா?"

"போடு. வெள்ளிக்கிழம மொதலாளி வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும்."

கடைசியில் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், நான் செய்தேன். அந்த இரண்டு மூட்டையையும் பிரித்து, சாக்குப் பட்ட ஓரத்துக் காயைத் தனியாக ஒதுக்கி, நல்ல காயைப் புதுச் சாக்குக்கு மாற்றினோம். தரையையும் சுவரையும் விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீரால் மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். நான் முழங்காலில் நின்று தேய்க்க, பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தார்கள். கூரை ஓடுகளைச் சரிசெய்ய ஆள் வந்தான். திறப்புக்குப் பலகை போட்டு அதன் மேல் ஆணியும் அடித்தேன். சுத்தியல் அடியில் பாதி என் கட்டைவிரலில்.

இரண்டாவது சோலி, பூனை. எங்கள் ஒரே அறையின் சன்னலுக்குச் சாக்குத் திரை கட்டி, பகலையே அரை இருட்டாக்கினாள் மனைவி. பழைய மரப்பெட்டியில் ஆற்றுமணல் போட்டு மூலையில் வைத்தோம். அதைத் தினமும் மாற்றுவது கணக்கப்பிள்ளையின் பொறுப்பு. வீட்டுக்குள் போவதென்றால் கதவை ஒரு சாண் திறந்து, ஒருக்களித்து, வயிற்றை எக்கி நுழைய வேண்டும். நுழையும்போதே காலால் பூனையைத் தள்ள வேண்டும். முதல் நாள் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டு, நான் உள்ளேயும் வேட்டி வெளியேயுமாகக் கொஞ்ச நேரம் இருந்தோம்.

மனைவி ஒரு கயிற்றின் நுனியில் காய்ந்த ஏலச் சருகைக் கட்டி இழுத்துக் காட்டுவாள். பூனை இரண்டு தாவு தாவும், பிறகு நினைவு வந்தாற்போல விழுந்து உருளும். "பொறுத்துக்க ஆத்தா, வெள்ளிக்கிழம வரைக்கும்" என்பாள். அது என்ன சொன்னாலும் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் பொறுக்குகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன மாப்ளே, வீட்ல புதுசாப் பிள்ள அழுகுது? சொல்லவே இல்ல!"

"தொட்டில் கொண்டாரட்டுமா?"

"கொரல் அப்படியே அப்பன் கொரல்."

நான் கணக்கு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

மூன்றாவது சோலி, கடுவன்கள். வழி அடைபட்டதும் இரண்டும் எங்கள் பின்சுவர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. கறுப்பு ஒரு முனையில், அறுந்த காது மறுமுனையில், பெண் பார்க்க வந்து பேச்சு முறிந்த இரண்டு வீட்டார் மாதிரி. விடிந்ததும் நான் ஒரு சொம்புத் தண்ணீரோடு காவலுக்கு நிற்பேன். ஊற்றினால் இறங்கும். நான் திரும்பினால் ஏறும். புதன்கிழமை குறிபார்த்து ஊற்றியபோது கால் வழுக்கிச் சாக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டும் மேலிருந்து எட்டிப் பார்த்தன. அந்த ஒரு நிமிடம் அவற்றுக்குள் சமாதானம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குடோனை நானே போய் மோந்து பார்த்தேன். சுத்தம். மூத்தவளும் மோந்து பார்த்து, "பழுதில்ல மாப்ளே" என்றாள். நான் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பின்சுவர்க் கொடியில் முதல் நாள் காயப்போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கை வேர்த்தது. துண்டில் துடைத்துக்கொண்டேன். மறுபடி வேர்த்தது. மறுபடி துடைத்தேன்.

முதலாளி வந்தார். பொறுக்குகிற பெண்கள் முறத்தை நிறுத்தினார்கள். குடோனின் பின்கதவோரத்தில் என் மனைவி நின்றிருந்தாள். முதல் மூட்டையில் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூடினார், ஊதினார், இழுத்தார்.

புருவம் சுருங்கியது.

"இருக்கேப்பா."

கையைத் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது மூட்டை. அள்ளிக் கொடுத்தேன். "இதுலயும் இருக்கு." மூன்றாவது. "இதுல இன்னும் தூக்கலா இருக்கு. என்ன கணக்கப்பிள்ள, கழுவுனேன்னு சொன்ன?" சாயங்கால ஜீப்பில் பூனையை யார் கொண்டுபோவது என்பதுவரை பேச்சுப் போய்விட்டது. நான் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கதவோரத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மூத்தவள்தான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, அந்த மூணாவது மூட்ட நேத்துச் சாயங்காலந்தான் குரங்கணியிலருந்து எறங்குச்சு. கடுவன் அதுக்குப் பக்கத்துலயே போகலியே. அதுல எப்படி வாடை வரும்?"

முதலாளி யோசித்தார். மூட்டையை மோந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். என் கையைப் பார்த்தார். கதவோரத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அந்தக் குடோனுக்குள் அவள் முதலாளி முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவுக தோள்ல கெடக்குற துண்ட மோந்து பாருங்க."

எந்த மலைச்சரிவு என்று சொல்லக்கூடிய அந்த மூக்கு மெல்ல என் தோள் பக்கம் வந்தது. அரை மூச்சுத்தான் இழுத்தார். பின்னால் இரண்டு எட்டு நகர்ந்தார்.

பின்சுவர்க் கொடி. கறுப்பன் உட்காரும் முனை. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினவனுக்கு அவன் துண்டின் மேல் பதில் மரியாதை செய்திருந்தான். எனக்கு மூக்கடைப்பு இல்லை. ஆனால் ஏழு நாளாக அந்த வாடையோடே உட்கார்ந்து எழுந்ததில் என் மூக்கு அதைப் பழைய சிநேகிதனாக ஏற்றுக்கொண்டிருந்தது போல.

"போயிக் குளிச்சிட்டு வாய்யா" என்றார் முதலாளி. நான் ஓடினேன். "வெரசா! சோப்புப் போடாம!" என்று பின்னாலேயே கத்தினார்.

சாம்பலைத் தேய்த்துக் குளித்துவிட்டு நான் வந்தபோது மூத்தவள் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லா மூட்டையும் பார்த்துவிட்டார். கண்ணை மூடி, முகம் விரிந்து, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல காய்க்கு மட்டும் வரும் ஆட்டம் அது.

"பூனை இருக்கட்டும்" என்றார். "கணக்கப்பிள்ளயத்தான் மெட்டு தாண்டி விட்டுட்டு வரலாமான்னு பாக்குறேன்."

குடோன் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். கதவோரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். உள்ளே அரை இருட்டில், நல்லவேளை, பூனை அன்றைக்குக் கத்தவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத் தூங்கியிருந்தது. அதன் வாரம் முடிந்திருந்தது.

சரக்கு லாரி ஏறிய அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வாணலியில் விழுந்தது. அந்த மணம் தெருக்கோடி வரை போனது. பூனைக்குத் தனித் தட்டு. "வதக்கவா, புளி ஊத்தவா?" என்று அவள் கேட்டது என்னையா பூனையையா என்று தெரியாமல், "ரெண்டும்" என்றேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

காலண்டரில் "பூனை" என்று எழுதிய தாள் வந்த நாளில் பூனை ஒன்றும் செய்யவில்லை. கிழித்துச் சுருட்டிப் போட்டேன், அதை உருட்டி விளையாடியது.

டாக்டருக்குக் கத்தி ஊசி எல்லாம் வந்து சேர்ந்ததும், அது அடங்கியிருந்த ஒரு வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு எண்பதுகளில் பாதி தாண்டும்வரை எங்களோடு இருந்தது, குடோனில் எலியும் இல்லை, சுவரில் கடுவனும் இல்லை. ஆபரேஷன் அன்றைக்கு மயக்க ஊசி போட்டு மேசையில் கிடத்தி, நாலு காலையும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். மாடு வளர்த்த கையாயிற்றே, நானே பிடிக்கிறேன் என்றேன். முதல் கீறல் விழுந்தது வரை நினைவிருக்கிறது. மிச்சத்தை என் மனைவிதான் பிடித்திருக்கிறாள். தையல் முடிந்ததும் பூனையையும் தூக்கி, என்னைக் கிடத்தியிருந்த பெஞ்சிலேயே பக்கத்தில் வைத்தார்களாம். இரண்டு பேரில் முதலில் கண் விழித்தது பூனைதான் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுத்துப் பேச முடியாது. அப்போது நான் விழித்திருக்கவில்லை.